புத்தர் திருமுகம்

புத்தர் பெருமானின் முகம் எத்தகையது என வினவினால், விடை கூற இயலாதவர் நம்முள் அரியர். பாதி மூடிய கண்கள், நீண்டு தொங்கும் காது மடல்கள், நத்தை ஓடுபோற் சுருண்ட முடி, இதழோரத்து அரும்பியும் அரும்பாததுமாய் நிற்கும் முறுவல் ஆகிய இவற்றைச் சிறு குழந்தையும் எடுத்துச் சொல்லும். ஆயினும், அம்முகத்தைக் கண்ணாரக் கண்டு கல்லில் வடித்தார் ஒருவரும் இலர். அவர் வாழ்ந்த நாளில் அவரைப் பார்த்து எழுதிய ஓவியமோ, செதுக்கிய சிலையோ நமக்கு ஒன்றேனும் கிட்டவில்லை. அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அவருக்கு மனித உருவம் வகுக்கப்பட்டது. எனவே, நாம் அறிந்த திருமுகம் உளி தந்த முகமேயன்றித் தாய் தந்த முகமன்று. உளிக்கு அம்முகம் எங்கிருந்து வந்தது? அது வருமுன் மக்கள் அவரை எவ்வாறு கண்டனர்? இவ்வினாக்கள் என் உள்ளத்தே நெடுநாள் உழன்றவை. அவற்றைப்பற்றி யான் எண்ணியவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

பாலி நூல்களில் ஒரு நிகழ்ச்சி உண்டு. புத்தர் பெருமான் ஒருநாள் மாலை இராசகிருகம் அடைந்து, ஒரு குயவன் பட்டறையில் இரவு தங்க இடங் கேட்கின்றார். அங்கே முன்னரே ஓர் இளந்துறவி தங்கியுள்ளான். அவன் பெயர் புக்குசாதி. புத்தர் புகழைக் கேள்வியுற்று, அவரையே ஆசானாகக் கொண்டு வீடு துறந்து வந்தவன் அவன். ஆனால் அவரைக் கண்டதில்லை. யாரை ஆசானாகக் கொண்டாய் என்று பெருமான் வினவ, அவன் அவர் பெயரையே சொல்லுகின்றான். நேரிற் காணின் அறிவாயோ எனக் கேட்க, அறியேன் என்கின்றான். பெருமான் தாம் இன்னார் என்று கூறவில்லை. அறத்தை விரித்துரைக்கத் தொடங்குகின்றார். கேட்கக் கேட்க அவனுக்கு விளங்கிவிடுகின்றது, தன் முன் இருப்பவர் யாரென்று! முகத்தால் அறியப்படாதவர் மொழியால் அறியப்பட்டார்.

மற்றொரு நிகழ்ச்சியும் இதனோடு ஒத்தது. தந்தையைக் கொன்று அரியணை ஏறிய அசாதசத்துரு மன்னன், நெஞ்சில் அமைதியின்றி, நிலவு பொழியும் ஓர் இரவில் மருத்துவன் சீவகனின் மாந்தோப்பிற்கு வருகின்றான். துறவியர் கூட்டம் அலையற்ற ஏரிபோல் அமர்ந்திருக்கின்றது. அவர்களுள் புத்தர் யார் என மன்னனுக்குத் தெரியவில்லை. நடுத் தூணையொட்டி இருப்பவரே அவர் என்று சீவகன் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. தலைமேற் சுடரும், முகத்தைச் சுற்றி ஒளிவட்டமும் இருந்திருப்பின் சுட்டிக்காட்ட வேண்டுவதென்ன? ஏனைத் துறவியரைப் போன்றே மழித்த தலையும் துவராடையுமாகவே அவர் இருந்தார் என்று கொள்வதே பொருந்தும்.

இனி, பழஞ்சிற்பிகள் இந் நிகழ்ச்சியை எங்ஙனம் காட்டினர் எனப் பார்ப்போம். கி. மு. 2-ஆம் நூற்றாண்டினதாகிய பார்ஹுத் தூபியின் கற்கள் கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் அசாதசத்துரு யானைமேல் வருகின்றான், இறங்குகின்றான், பின் மண்டியிட்டு வணங்குகின்றான். பகவரை அசாதசத்துரு வணங்குகின்றான் என்ற பொருளில் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் வணங்கப்படுபவர் எங்கே? மன்னன் முன் இருப்பது ஓர் ஆசனம். அதன் அடியில் இரு பாதச் சுவடுகள். அவ்வளவே. ஆசனத்தில் ஆளில்லை! கூட்டத்தில் அவரை அறிய மாட்டாத மன்னனைக் கல்லிலும் ஆளில்லா இருக்கைமுன் நிறுத்திய அச்சிற்பியை எண்ணுந்தோறும் என் உள்ளம் வியப்பெய்துகின்றது.

சாஞ்சியில் இக்கலை இன்னும் மேலோங்கி நிற்கின்றது. விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர் அங்கே கல்லிற் செதுக்கிய செய்தியை ஒரு கல்வெட்டு உரைக்கின்றது. யானைக் கோட்டில் நுணுக்க வேலை செய்து பழகிய கைகள் அவை. கீழை வாயிலின் குறுக்குவிட்டத்தில் சித்தார்த்தர் அரண்மனை துறந்து செல்லுங் காட்சி காணப்படுகின்றது. நகரினின்று ஒரு குதிரை புறப்படுகின்றது. அதே குதிரை அடுத்தடுத்துப் பலமுறை காட்டப்பட்டு, முன்னேறிச் செல்கின்றது. அதன் முதுகில் எவருமிலர். ஆனால் அவ்வெற்றிடத்தின் மேல் ஒருவன் குடை பிடித்து வருகின்றான். ஓரத்தை அடைந்ததும் குடை குதிரையை விட்டு நீங்கி, இரண்டு பெரிய அடிச்சுவடுகளின் மேல் நிற்கின்றது. பாகன் சந்தகன் அச்சுவடுகளின் முன் மண்டியிடுகின்றான். பின்னர்க் குதிரை திரும்புகின்றது. இப்போது குடை இல்லை. பிரிவுத் துயரை இதனினும் சுருங்கச் சொல்ல எந்தப் புலவனால் இயலும்? பிறப்பு, ஞானம், முதலுரை, மறைவு ஆகியவற்றையும் அவர்கள் இவ்வாறே தாமரை, அரசமரம், ஆழி, தூபி முதலிய குறிகளாற் காட்டினர்.

உருவத்தை ஏன் விலக்கினர் என்பதுபற்றி அறிஞரிடையே வழக்குண்டு. உருவங் கடந்தவரை உருவில் அடக்கலாகாது என்னும் கருத்தே காரணம் என்பர் பலர். அமெரிக்க அறிஞர் ஸூஸன் ஹண்டிங்டன் 1990-ஆம் ஆண்டளவில் இதனை மறுத்தார். பெரும்பாலான சிற்பங்கள் புத்தரின் வாழ்வைக் காட்டுவன அல்ல. அவர் மறைந்தபின் அடியார்கள் புனித இடங்களுக்குச் சென்று மரத்தையும் ஆசனத்தையும் வணங்குவதையே காட்டுவன என்பது அவர் கொள்கை. சில கற்களுக்கு அது பொருந்தக்கூடும். ஆனால், ஆளில்லாக் குதிரைமேற் பிடித்த குடைக்கு அக்கொள்கை என்ன விடை கூறும்? அங்கே ஒருவர் செல்கின்றார்; அவரைக் காட்டச் சிற்பி மனங்கொள்ளவில்லை. என் சிற்றறிவுக்கு எட்டிய மட்டில் அஃதே உண்மை.

நிற்க. கி. பி. முதல் இரு நூற்றாண்டுகளில் அந்த ஆசனத்தில் ஆள் தோன்றிவிட்டார். ஒரே காலத்தில், வடமேற்கே காந்தாரத்திலும் யமுனைக் கரையில் மதுரா நகரத்திலும் புத்தர் திருவுருவங்கள் பெருகின. கனிட்க மன்னனின் பொற்காசு ஒன்றில் நின்ற கோலப் புத்தர் காட்சியளிக்கின்றார். அருகே கிரேக்க எழுத்தில் அவர் பெயர். காந்தாரச் சிற்பி கருங்கல்லில் அலையலையான கூந்தலும், இரு தோளையும் போர்த்த கனத்த மடிப்பாடையும், கிரேக்கத் தேவரை ஒத்த மூக்கும் அமைத்தான். மதுராச் சிற்பியோ செந்நிறக் கல்லில், அகன்ற மார்பும் விழித்த கண்ணும் திறந்த வலத்தோளும் உடையவராக, நம் நாட்டு இயக்கர் உருவத்தின் வழியே அவரைப் படைத்தான். பலர் என்னும் பிக்கு கனிட்கரின் 3-ஆம் ஆட்சியாண்டில் சாரநாதத்தில் நிறுவிய பேருருவம் இம்மதுராக் கல்லால் ஆயதே.

இவ்விரண்டனுள் முந்தியது எது? கிரேக்கக் கலையின் தொடர்பினாலேயே இந்தியாவிற்குப் புத்தர் உருவம் கிடைத்தது எனப் பிரெஞ்சு அறிஞர் பூஷே வாதித்தார். ஐரோப்பா அதனை மகிழ்ந்து ஏற்றது. 1927-ஆம் ஆண்டில் அதற்கு மறுப்பெழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பகுதியைப் பேணிய அப்பெரியார், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். அத்தந்தையாரும் சுத்த நிபாதம் என்னும் பௌத்த நூலை 1874-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மதுரா உருவத்தில் கிரேக்கச் சாயல் இல்லை. இயக்கர் சிலைகளினின்றே அது வளர்ந்தது என்று மைந்தர் சான்று காட்டினார். இரு நிலங்களிலும் உருவம் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்ததென்பதே இன்று பெரும்பாலார் கருத்து. இவ்வழக்கு கல்லைப்பற்றியது மட்டுமன்று. ஒரு நாட்டு மக்களுக்குத் தம் ஆசானைத் தாமே எண்ணிப் பார்க்கும் ஆற்றல் இருந்ததா என்பதைப் பற்றியது. ஆதலின், அம்மறுப்புக் கட்டுரைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

குறியினின்று உருவத்திற்கு மக்கள் உள்ளம் மாறியதை ஒரே கல்லில் காண விரும்புவோர் அமராவதிக் கல்லொன்றைக் காணல் வேண்டும். கிருட்டிணை ஆற்றங்கரைத் தூபியினின்று பெயர்த்து இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட பலகைக் கல் அது. ஒரு புறத்தில் அரசமரமும் அதன்கீழ் ஆளில்லா இருக்கையும், சூழ நின்று வணங்கும் அடியாரும் உள்ளனர், அது கி. மு. முதல் நூற்றாண்டு வேலை. சில நூற்றாண்டுகள் கழித்துப் பிற்காலச் சிற்பிகள் அதே கல்லைத் திருப்பி, மறுபுறத்தில் தூபி ஒன்றைச் செதுக்கினர். அதன் வாயிலில் புத்தர் நிற்கின்றார்! பாட்டன் வெற்றிடத்தை வணங்கினான். பேரன் உருவத்தை வணங்கினான். இருவர் நெஞ்சையும் ஒரு கல் சுமந்து நிற்கின்றது. பேரன் பாட்டனின் வேலையை அழிக்கவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

உருவம் வந்தபின் அதற்கு இலக்கணமும் வந்தது. நீண்ட காது வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அரச குமாரனாய் இருந்த நாளில் அணிந்த கனத்த குழைகள் இழுத்து நீட்டிய காது அது. குழையைக் கழற்றினார், துளை மட்டும் எஞ்சிற்று. துறந்த செல்வத்தின் தழும்பு அது என்பேன். கைகளுக்கும் மொழி உண்டு. அஞ்சேல் என உயர்த்திய கை, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த கை, ஆழி உருட்டுவதுபோல் நெஞ்சருகே கூடிய கை என அவை பல. எனக்கு உவப்பானது நிலந்தொட்ட கை. உனக்கு ஞானம் உண்டென்பதற்குச் சான்று யார் என மாரன் அறைகூவியபோது, பெருமான் வானத்தை நோக்கவில்லை. காலின்கீழ்க் கிடந்த மண்ணைத் தொட்டார். மனிதன் பெற்ற வெற்றிக்கு மண்ணே சான்று என்னும் அக்கை ஒன்றே ஒரு நூலுக்கு ஈடாகும்.

இலாகூர் அருங்காட்சியகத்தில், சிக்ரி என்னும் இடத்தில் எடுத்த ஓர் உருவம் உள்ளது. உண்ணா நோன்பால் உடல் வற்றிய கோலம். விலா எலும்புகளை எண்ணலாம். நரம்புகள் கயிறுபோற் புடைத்துள்ளன. கண்கள் குழியிற் கிடக்கின்றன. அதன் படத்தை முதன்முறை கண்டபோது யான் நெடுநேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. அவர் அந்நெறியைப் பயனற்றதெனக் கைவிட்டார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தாம் கைவிட்ட வழியையும் மறையாது காட்டும் சிற்பம் உலகிற் பலவில்லை.

இத்திருவுருவம் கடலையும் மலையையும் கடந்து சென்ற இடமெல்லாம் அவ்விடத்து முகத்தைப் பெற்றது. சீனத்து யுன்காங் குகைகளில் கி. பி. 460-ஐ அடுத்துக் குடைந்த பேருருவங்களில் அந்நாட்டு மன்னர் சாயல் உண்டு என்பர். சயாமில் சுகோதையச் சிற்பி, நடந்து செல்லும் புத்தரை வடித்தான். உலோகம் நீர்போல் அசைகின்றது. சிங்களச் சிற்பியோ கண் திறக்கும் நாளில் உருவத்தை நேரே நோக்காது, கண்ணாடியில் பார்த்தே விழி எழுதுவான். பினாங்கில் பர்மா லேன் வழியே நடப்போர் இவ்வேற்றுமையைச் சாலை கடந்தே கண்டுகொள்ளலாம். ஒருபுறம் சயாமியர் கோயிலில் 33 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தர். எதிரே பர்மியர் கோயிலில் வெண்முகமும் பொன்னாடையுமாக நின்ற புத்தர். இருவரும் ஒருவரே, இரு நாட்டார் முகங்கள்! நம் ஊர்ச் சீனர் கடைகளில் பெருவயிற்றோடு சிரித்தமர்ந்திருப்பவரையும் நம்மவர் புத்தர் என்றே அழைக்கின்றனர். அவர் கௌதமர் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் துணிப்பையோடு திரிந்த புதாய் என்னும் சீனத் துறவி. இனி வரப்போகும் மைத்திரேயரின் வடிவமென அவரைக் கருதுவர்.

தமிழர்க்கும் இக்கதையில் பங்குண்டு. கடாரத்து அரசன் மாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எழுப்பினான். இராசராச சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு வழங்கினான். சிவநெறி மன்னன் புத்தர் பள்ளிக்கு ஊர் கொடுத்தான் என்பதைச் சமயப் பூசலிடுவோர் செவியில் உரக்கச் சொல்லல் வேண்டும். 1856 முதல் அந்நகரத்து மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. அவற்றுட் புத்தர் தலைமேல் தீச்சுடர் ஒன்று எழுகின்றது. நடராசப் பெருமானை வார்த்த சோழர் மரபுக் கைகளின் வேலைத்திறம் அவற்றில் விளங்குகின்றது. இன்று நாம் கெடா என வழங்கும் நிலத்துக்கும் நாகைக்கும் இடையே கப்பல்கள் மிளகையும் துணியையும் மட்டும் சுமக்கவில்லை.

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் சாலையில், 1927-இல் சயாமியத் துறவி ஒருவர் தோற்றுவித்த சாக்கியமுனிக் கோயிலுக்கு யான் அவ்வப்போது செல்வதுண்டு. நம்மவர் நெருங்கி வாழும் சிராங்கூன் வட்டாரம் அருகிலேயே உள்ளது. 15 மீட்டர் உயரத்து அமர்ந்த புத்தரைச் சுற்றி எண்ணற்ற விளக்குகள் எரிகின்றன. வருவோர் பெரும்பாலும் அவ்வுருவத்தையே நோக்கி நிற்பர். அதே மண்டபத்தில், கருங்காலி மரத்தில் முத்துச்சிப்பி பதித்த அடிச்சுவடு ஒன்றும் உள்ளது. பார்ஹுத்தில் மன்னன் வணங்கிய அதே குறி! இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் குறியும் உருவமும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. ஒருமுறை உடன் வந்த என் தோழர், சீர்திருத்த நோக்கினர், சற்று வெகுண்டு கேட்டார்:

“வழிபாட்டை வேண்டாதவர்க்கே வழிபாடு நடக்கின்றதே! தன்னையே நம்பு என்றவரிடம் பரிசுச் சீட்டு எண் கேட்கின்றார்களே! இச்சிலைகளால் அவர் நெறி அழிந்ததேயன்றி வளர்ந்ததென்று சொல்ல உமக்கு மனம் வருமா?”

அவர் கேள்வி நேரியது. வக்கலி என்னும் பிக்கு நோயுற்றுக் கிடந்தபோது, பெருமானின் திருமேனியைக் காண இயலவில்லையே என வருந்தினார். அழியும் இவ்வுடலைக் காண்பதால் என்ன பயன், அறத்தைக் காண்பவனே தம்மைக் காண்பவன் என்று பெருமான் அவருக்கு உரைத்ததாக நூல்கள் கூறுகின்றன. ஆகவே உருவத்தோடு நின்றுவிடுவோர் அவரைக் காணாதவரே. இதில் யான் தோழரோடு முற்றும் உடன்படுகின்றேன்.

ஆனால், குற்றம் கல்லினதன்று. படிப்பறியாத ஓர் உழவனுக்குத் தத்துவ நூல் எட்டாது. சினமற்ற ஒரு முகம் எட்டும். அம்முகம் அவனிடம் எதையும் கேட்கவில்லை, ஆயுதம் ஏந்தவில்லை, அச்சுறுத்தவில்லை. சினந்து வீட்டை விட்டு வந்தவன் அதன்முன் சிறிது நின்று, குரல் தாழ்ந்து திரும்புவானாயின், அச்சிற்பி ஒரு போதகன் செய்யும் பணியைச் செய்துவிட்டான். எண் கேட்டுத் திரும்புவோன் எந்த ஆசானிடமும் அதனையே கேட்டிருப்பான். சாவாவின் போரோபுதூரைக் கட்டியோர் இந்நுட்பத்தை நன்கறிந்திருந்தனர். அங்கே 504 புத்தர் உருவங்கள் உள. கீழ்த்தளங்களில் கதைச் சிற்பங்கள் நிறைந்துள்ளன. ஏற ஏறக் கதைகள் ஒழிகின்றன. வட்டத் தளங்களில் 72 உருவங்கள் துளையிட்ட தூபிகளுள் பாதி மறைந்துள்ளன. உச்சியில் உள்ள பெருந்தூபியிலோ துளையும் இல்லை; காண உருவமும் இல்லை. உருவம் ஏணி, ஏறியவன் அதனைத் தலையிற் சுமந்து செல்வதில்லை.

உருவத்தை வெறுத்தோர் செய்ததையும் நம் காலம் கண்டது. ஆப்கானிய நாட்டுப் பாமியானில் மலையைக் குடைந்து நின்ற 55 மீட்டர், 38 மீட்டர் உயர உருவங்கள் இரண்டையும், யுவான் சுவாங் வியந்து எழுதிய அவ்வுருவங்களை, 2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெடி வைத்துத் தகர்த்தனர். மாடங்கள் இன்று வெறுமையாய் நிற்கின்றன. சாஞ்சியிலும் வெற்றிடம், பாமியானிலும் வெற்றிடம். முன்னது அன்பினால் விடப்பட்டது. பின்னது பகையினால் ஆக்கப்பட்டது. உருவ வழிபாட்டை மறுப்போர் இவ்விரண்டன் வேறுபாட்டை ஒருபோதும் மறத்தலாகாது. கருத்தை மாற்றுவோன் சீர்திருத்தக்காரன். கல்லை உடைப்போன் கல்லை மட்டுமே வெல்கின்றான்.

முடிவாக ஒன்று கூறுவேன். புத்தரின் உண்மை முகம் நமக்குக் கிட்டாமற் போனதை யான் இழப்பெனக் கருதவில்லை. ஒரே ஓர் உண்மைப் படம் எஞ்சியிருப்பின், அது ஓர் இனத்தாரின் முகமாகவே நின்றிருக்கும். மற்றையோர் முகங்களெல்லாம் பொய்யென ஒதுக்கப்பட்டிருக்கும். அஃது இன்மையாலன்றோ கிரேக்க மூக்கும், மதுராவின் மார்பும், சீனக் கண்ணும், நாகையின் சுடரும் அவருக்கு உரியவாயின! அன்பர்களே, இனி எங்கேனும் அத்திருவுருவத்தின் முன் நிற்க நேர்ந்தால், முகத்தோடு கையையும் நோக்குங்கள். அந்நாட்டார் எதனை அவரிடம் கேட்டறிந்தனர் என்பதை அது சொல்லும். பின்னர்ப் புக்குசாதியைப் போன்று அவர் மொழியைக் கேளுங்கள். முகம் தெரியாத இரவில் அவனுக்கு அது போதியதாயிற்று.